பின்னோக்கிய அம்புகள்

வாருங்கள், தமிழ் மக்களே! கையிலிருக்கும் வேலையைச் சற்றே இறக்கி வைத்துவிட்டு என்னோடு குழித்துறைக்கு வாருங்கள். ஆற்றுப் பாலத்திலிருந்து சந்தைக்குப் போகும் சாலையில், இடக்கைப் பக்கம், இறக்கிவிடப்பட்ட ஷட்டர் ஒன்று தெரிகிறதல்லவா? அதன்மீது ஒட்டியிருக்கும் தாளை வாய்விட்டு வாசியுங்கள்.

'வாடிக்கையாளருக்குப் பழைய டயர்களை மாட்டி ஏமாற்றிய குற்றத்திற்காக இந்தக் கடை அடைக்கப்படுகிறது. சங்கக் கட்டடத்தில் இதற்குள்ள வாடகை உரிமையை நீக்குவது பற்றிப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும். வியாபாரிகள் சங்கம்.'

கவனித்தீர்களா? குற்றம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள். விசாரணை என்ற சொல்லை அந்தத் தாளில் எந்த மூலையிலும் காணோம். ஒரு பெண்ணைத் தூக்கிலேற்ற இவ்வளவு அவசரம் இந்த நாட்டில் எவருக்கும் எப்போதும் உண்டு.

அந்தப் பெண்ணின் பெயர் ஜின்சி. வயது முப்பத்தாறு. நாகர்கோவிலில் ஒரு டயர் கடைக்கு ரசீது எழுதும் வேலைக்குப் போனவள், பேனாவை வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தாள். ஒன்பது ஆண்டுகளாகக் குழித்துறையில் தன் பெயரில் கடை நடத்துகிறாள். அன்று புதன்கிழமை. காலை பத்தரை மணிக்குத் தன் கடையின் படியில், பூட்டிய ஷட்டருக்கு முதுகைக் கொடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே, அவள் அழைத்ததால் வந்த துப்பறிவாளர் ததேயுஸும் அவருடைய உதவியாளர் லிஜாவும் நின்றார்கள்.

ததேயுஸ், விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்வையிட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதும் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவர். பொய் சொல்லும் மனிதர்களைவிடப் பொய் சொல்லாத இரும்பை நம்புகிறவர். லிஜா, துபாயில் எட்டு ஆண்டுகள் தொலைபேசியில் கோபக்காரர்களைச் சமாளித்துவிட்டு நாற்பதாவது வயதில் ஊர் திரும்பியவள். எவருடைய கோபமும் அவளுக்கு இப்போது வேடிக்கைதான்.

"டயரு போனது ஒருத்தருக்கு, காத்து போனது இன்னொருத்திக்கு," என்றாள் லிஜா, ஜின்சியின் முகத்தைப் பார்த்து. "மொதல்ல ஒரு சாயா குடி மக்கா. பொறவு நடந்ததப் பற."

ஜின்சி சாயாவைத் தொடவில்லை. "சாரே, இந்தக் கடை போனா வேற கடை எனக்கு யாரும் தரமாட்டாவ. களவாணிப் பட்டத்தோட எந்த ஊருல போய் ஷட்டரத் தூக்குகது?"

"நடந்ததைச் சொல்லுங்கள்," என்றார் ததேயுஸ்.

"மின்வாரியத்துல இஞ்சினியரா இருந்து ஓய்வான முத்துநாயகம் சாருக்க வண்டியாக்கும். ஹைபிரிட். நாலு டயரும் மாத்தணும்னு வந்தாரு. ஹைபிரிட்டுக்கு டயரு எடுக்கது மத்த வண்டிக்கு எடுக்கது போல இல்ல சாரே. பேட்டரிக்க பாரம் உண்டு, அதத் தாங்கணும். பைய ஓடும்போ எஞ்சின் மிண்டாம கெடக்கும், அப்போ டயருக்க இரைச்சல் மட்டுமாக்கும் காதுல கேக்கும். லேசா உருளுக டயரு போட்டாத்தான் மைலேஜ் கெடைக்கும். ரெண்டு மணிக்கூர் இருந்து பறஞ்சு குடுத்தேன். அந்த டயரு இங்க இல்ல. கொச்சியில இருந்து வரவழைச்சு, பதிமூணு நாள் அவரக் காக்க வெச்சு மாட்டினேன். இப்போ வண்டியில இருக்கது அது இல்ல. கனத்த டயரு, மூணு வருஷம் பழசு. நான் மாத்தி ஏமாத்திப்போட்டேன்னு சொல்லுகாவ."

"நீங்கள் மாட்டியவை எவை என்பதற்குச் சான்று?"

அவள் ரசீதின் நகலை நீட்டினாள். "டயருக்க பக்கவாட்டுல நாலு எண்ணு இருக்கும். எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு. நாலு டயருக்கும் நான் ரசீதுல எழுதித்தான் குடுப்பேன்."

"இதக் கண்டுபிடிச்சது யாரு?" என்றாள் லிஜா.

"ஞானதாசன் சாரு. வண்டி இரையுதுன்னு முத்துநாயகம் சாரு அவருகிட்டதான் கொண்டு போய்க் காட்டினாரு. அக்கரையில டயரு கடை வெச்சிருக்காரு. அவருதான் சங்கத்துக்குத் தலைவரும்."

லிஜா உதட்டைப் பிதுக்கினாள். "உனக்க கடையில கூட்டம், அவருக்க கடையில ஈ. தலைவருக்கு வயிறு எரியாம இருக்குமா அண்ணா?"

ததேயுஸ் ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். வயிற்றெரிச்சல் ஒரு காரணம்தான். ஆயினும் எரிகிற வயிறு எல்லாம் திருடுவதென்றால் இந்த மாவட்டத்தில் ஒரு வண்டிக்கும் சக்கரம் மிஞ்சாது.

*

முத்துநாயகத்தின் வீடு ஆற்றங்கரைத் தெருவில் இருந்தது. போர்டிகோவில் வெள்ளை நிறக் கார். அதன் பக்கத்தில் அதைவிட வெள்ளையான வேட்டியில் முத்துநாயகம். வாசலை ஒட்டி அவர் மனைவி செல்லக்கனி, தண்ணீர்த் தம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றார்.

"அந்தப் பிள்ள பறஞ்ச ஒவ்வொண்ணையும் வேதவாக்குன்னு நெனச்சேன் ஓய்!" என்று தொடங்கினார் முத்துநாயகம். "சோறு உண்ணும்போதும் இவகிட்ட அதையாக்கும் சொல்லிட்டிருந்தேன். ஜின்சி இப்பிடிச் சொன்னா, ஜின்சி அப்பிடிச் சொன்னான்னு. அறிவுள்ள பிள்ளைன்னு நெனச்சா, இப்பிடிச் சதிச்சிட்டாளே!"

ததேயுஸ் முழங்காலிட்டுச் சக்கரத்தை ஆராய்ந்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவி, எழுந்து நின்று சிரித்தார்.

"ஐயா, சக்கரம் ஆடாமல் ஓடுவதற்கு ஈயத்துண்டுகளைப் பொருத்துவார்களே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? ஜின்சி அவற்றை உட்பக்கம் பசையால் ஒட்டுகிறாள். கடையின் படியில் கிடந்த துண்டுகளை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். இங்கே விளிம்பில் சுத்தியலால் அடித்துச் சொருகிய துண்டுகள் இருக்கின்றன. நாலு சக்கரத்திலும் அப்படியே."

"அதனால?"

"அதனால, டயர மட்டும் கழத்தி மாத்தல்ல சார்," என்று லிஜா குறுக்கிட்டாள். "சக்கரத்தையே முழுசா மாத்தியாச்சு. அதுக்குக் கடையும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்பானரும் போதும். பின்ன, இதே போல சக்கரம் உள்ள இன்னொரு வண்டி வேணும்."

முத்துநாயகம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இரைச்சல் எப்போது தொடங்கியது?" என்று ததேயுஸ் வினவினார்.

"வெள்ளிக்கிழமை கடையில இருந்து கொண்டு வந்தப்பவே ஒரு சத்தம்…" என்று செல்லக்கனி ஆரம்பித்தார்.

"நீ சும்மா கெட ஏட்டி! வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" முத்துநாயகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை மாட்டினது. செவ்வாய்க்கிழமை காலம்பற மயிலாடிக்கு, மாமனாருக்க வீட்டுக்குப் போகுத வர தேன் போல ஓடிச்சு. அம்மன்கோவில் கொடைத் திருவிழா முடிஞ்சு சாயங்காலம் திரும்பும்போதாக்கும் லாரி போல எரைய ஆரம்பிச்சது."

ததேயுஸ் குறிப்பேட்டில் 'செவ்வாய், மயிலாடி' என்று எழுதி அடிக்கோடிட்டார். செல்லக்கனி தட்டோடு உள்ளே போனார். எந்தத் தம்ளரும் எடுக்கப்பட்டிருக்கவில்லை.

"இதே மாதிரி வண்டி உங்கள் உறவில் யாரிடம் இருக்கிறது?"

"எனக்க சகலன் மகேஷ்குமாருகிட்ட. இவளுக்க தங்கச்சி சபிதாவுக்க மாப்பிள்ள. திற்பரப்புல, அருவிக்குப் போற ரோட்டுல லாட்ஜ் வெச்சிருக்கான். நான் வண்டி எடுத்த அதே மாசம், அதே வண்டி, அதே வெள்ள!" அவர் குரலில் நான்காண்டுக் கசப்பு இருந்தது. "ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணி மைலேஜ் கேப்பான். போன வருஷம் ஞானதாசன்கிட்ட லாபத்துக்குக் கெடச்சுதுன்னு கனத்த டயரு நாலு வாங்கி மாட்டினான். அன்னைக்குத் தொட்டு அவனுக்குப் பதினேழு, எனக்கு இருபத்திமூணு. போன வாரம் தொட்டு அப்பிடியே மறிஞ்சு கெடக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே விளங்கிற்று. ததேயுஸ் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

*

லிஜாவின் ஸ்கூட்டர் குலசேகரம் சாலையில் ஏறியது. பின்னிருக்கையில் ததேயுஸ். அவர்களுக்குப் பின்னால், கருவிப்பெட்டியை ஏற்றிய சிறு வேனில் ஜின்சி.

பொறாமை எத்தகைய நோய் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மாடி ஒரு செங்கல் உயர்ந்தால் நம் வீட்டில் உப்புக் குறைகிறது. ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு ஆண்களுக்கிடையே அது முற்றினால், மாமனார் பரிமாறும் அப்பளத்தின் விட்டத்தைக்கூட அளந்து பார்ப்பார்கள். வாழைத்தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் மாறிமாறி வந்த அந்தச் சாலையில் ததேயுஸின் மனத்தில் வழக்கு ஏறக்குறைய முடிந்தே போயிருந்தது.

"மகேஷ்குமார்தான். வேறு யாராக இருக்க முடியும்? செவ்வாய்க்கிழமை இரண்டு வண்டியும் மயிலாடியில் நின்றிருக்கின்றன."

"செரி. ஆனா எனக்கொரு சந்தேகம் உண்டு."

"முதலில் நான் முடிக்கிறேன்."

"முடியுங்க, முடியுங்க. உங்களுக்கும் ஒரு வேல வேணும்லா?"

திற்பரப்பில், அருவிக்குப் போகும் சாலையோரம், இரண்டு மாடி விடுதி ஒன்றின் முன் மகேஷ்குமார் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். சக்கரத்தின் பக்கம் அவர் குனிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதை அவர் வயிறே சாட்சியாக நின்று சொல்லிற்று.

"வண்டி எப்படி ஓடுகிறது?" என்றார் ததேயுஸ்.

"இருபத்திநாலு!" மகேஷ்குமார் துணியை உதறினார். "லிட்டருக்கு இருபத்திநாலு கிலோமீட்டர்! எட்டு நாளா! எனக்க சகலனுக்குப் பதினேழு. கேட்டியளா? பதினேழு!"

"எப்படி இந்த மாற்றம்?"

"கால்! கால வைக்கதுல இருக்கு வித்த. நோவாம மிதிக்கணும். சகலன் மிதிப்பான், மாடு வயலுல எறங்கின மாதிரி."

"பாவம், டயருக்கு இதுல ஒரு பங்கும் இல்ல போல," என்றாள் லிஜா.

ஜின்சி ஏற்கெனவே சக்கரத்தருகே குந்தியிருந்தாள். ரசீதை விரித்து, ஒவ்வொரு சக்கரமாகப் போய் எண்ணை உரக்க வாசித்தாள். நான்கு சக்கரம். நான்கும் பொருந்தின.

"இவை உங்கள் சகலரின் சக்கரங்கள்," என்றார் ததேயுஸ், மேடையில் நிற்பவரைப் போல. "செவ்வாய்க்கிழமை மயிலாடியில் நீங்கள் மாற்றியவை."

மகேஷ்குமார் சக்கரத்தைப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார், மறுபடி சக்கரத்தைப் பார்த்தார். "அப்போ… எனக்க கால் இல்லியா?"

அந்தக் கேள்வியில் இருந்த துயரம் எந்தத் திருடனுக்கும் வராது.

"அண்ணா," என்று லிஜா மெல்லச் சொன்னாள், "களவெடுத்த மாலைய யாராவது கழுத்துல போட்டுட்டு, களவு குடுத்தவன்கிட்டயே போய் அழகா இருக்கான்னு கேப்பானா? இவரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி மைலேஜ் சொல்லியிருக்காரு."

ததேயுஸ் மீசையைத் தடவினார். அந்தக் கேள்வி தமக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியது அவருக்குள் சுருக்கென்று தைத்தது. ஆம், துப்பறிவாளருக்கும் அந்த நோய் உண்டு.

"சாரே, இங்க பாருங்க," என்று ஜின்சி அழைத்தாள். "இந்த டயருல அம்புக்குறி இருக்கு. வண்டி முன்னால போகும்போ சக்கரம் எந்தப் பக்கம் சுத்தணும்னு காட்டும். நாலு அம்பும் பின்னால பாக்குது. வலப்பக்கத்துச் சக்கரம் எல்லாம் இடப்பக்கத்துல இருக்கு. தொழில் தெரிஞ்ச எவனும் இப்பிடி மாட்டமாட்டான். மழையில தண்ணிய வெட்டித் தள்ளாது, வழுக்கிவிட்டுரும். நான் மொதல்ல இத நேராக்கட்டா?"

தன்னைக் களவாணி என்று தாள் ஒட்டிய உலகத்தில், யாரோ ஒருவர் மழையில் வழுக்கக்கூடாதென்று கவலைப்பட்ட அந்தப் பெண்ணை, தமிழ் மக்களே, ஒரு கணம் நின்று பாருங்கள்.

ததேயுஸ் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் இரண்டு கட்டங்கள் வரைந்தார். "ஒன்றன்பின் ஒன்றாக நின்ற வண்டிகள் என்றால் வலது வலதாகவே வந்திருக்கும். இரண்டும் மூக்கோடு மூக்கு முட்ட நின்றால், இதன் வலப்பக்கம் அதன் இடப்பக்கத்துக்கு நேரே வரும். சக்கரத்தை நேராக உருட்டிக்கொண்டு போய் மாட்டினால் நான்கும் திசை மாறிவிடும். மயிலாடியில் வண்டிகள் எப்படி நின்றன?"

"மூக்கோடு மூக்குதான்," என்றார் மகேஷ்குமார், அதில் என்ன வியப்பு என்பதைப் போல. "மாமனாருக்க வீட்டுக்கு ரெண்டு கேட் உண்டு. நடுவுல ஒரு போர்டிகோ. அவன் கெழக்கு கேட்டு வழியா வருவான், நான் மேற்கு கேட்டு வழியா வருவேன். ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன் நிறுத்தினா, பின்னால நிக்கவன் எளையவன்னு ஆயிரும்லா?"

"நாலு வருசமாவா?" என்றாள் லிஜா.

"வண்டி வாங்குகதுக்கு முன்ன பைக்குலயும் அப்பிடித்தான்."

"கொடையன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"கோவிலுலதான். வில்லுப்பாட்டுக்கு முன் வரிசையில சகலன் இருந்தான், பக்கத்துல நான். மூணு மணிக்கூர் ஒண்ணுக்குக்கூட எந்திக்கல்ல. எந்திச்சா அந்த நாற்காலியில அவன் கால நீட்டுவான். அவனும் எந்திக்கல்ல."

லிஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோர்ட்டுல கூட இப்பிடி ஒரு சாட்சி கெடையாது. ஒருத்தரு பொறாமைக்கு இன்னொருத்தரு பொறாம காவலு!"

மகேஷ்குமார் இல்லை, முத்துநாயகம் இல்லை. ததேயுஸ் குச்சியை எறிந்தார். "அப்படியானால் வெளியாள் ஒருவன் வந்திருக்க வேண்டும். வலுவுள்ளவன். இரண்டு வண்டி, எட்டுச் சக்கரம், மூன்று மணி நேரம். இரண்டு பேராகக்கூட இருக்கலாம். எப்படியும் நல்ல உடல்வலு உள்ள ஆண்கள்."

அப்போது ஜின்சி முன்பக்கச் சக்கரம் ஒன்றைக் கழற்றி இறக்கினாள். சக்கரம் பொருந்தும் இரும்பு முகத்தில், நாணயம்போல் தட்டையாக நசுங்கி, பழுப்பேறிய ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. லிஜா நகத்தால் அதைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தாள்.

"பிச்சிப்பூ."

"கொடைக்கு வண்டிக்கு மாலை போட்டிருப்பார்கள்," என்றார் ததேயுஸ்.

"வண்டிக்குச் செவ்வந்தி மாலையாக்கும் போடுவாவ. அதுவும் முன்னால பானட்டுல. இது சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல இருந்திருக்கு. சக்கரம் கழண்டு கெடந்தப்போ, குனிஞ்சு நின்ன யாருக்கோ தலையில இருந்து விழுந்திருக்கு." அவள் பூவை அவர் மூக்கருகே நீட்டினாள். "நல்ல உடல்வலு உள்ள ஆண்கள்னு சொன்னீங்களே. அவுங்க தலையில பிச்சிப்பூ வைப்பாவளா அண்ணா?"

அந்த வேளையில் மகேஷ்குமாரின் மனைவி சபிதா சாயாத் தட்டோடு விடுதியின் படியிறங்கி வந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடல், அழுத்தமான நடை. கழற்றி வைத்த சக்கரத்தைக் கண்டதும் அந்த நடை நின்றது.

லிஜா ஒரு சாயாவை எடுத்துக்கொண்டு, ஊர்ச் செய்தி கேட்பவளைப்போல் கேட்டாள். "அக்கா, ஜாக்கி வைக்க எடம் கண்டுபிடிக்க ரொம்ப நேரமாச்சுதோ?"

"மொத சக்கரத்துக்குத்தான் நேரமாச்சு. பொறவு பத்து பத்து நிமிசத்துல…" சபிதா நிறுத்திக்கொண்டார்.

"நீயா?" மகேஷ்குமார் துணியைக் கீழே போட்டார். "உன்னால எப்பிடி ஏட்டி சக்கரம் தூக்க முடியும்?"

"ரெண்டாம் மாடிக்குக் கேஸ் சிலிண்டர் யாரு தூக்கிட்டுப் போறா? நீங்களா?" சபிதா தட்டைக் காரின் மேல் வைத்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற தெளிவு அவர் முகத்தில் வந்துவிட்டிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை ஆனா அத்தானுக்கு இருபத்திமூணு, உங்களுக்குப் பதினேழு. போன வெச்சதும் சோத்துல கல்லு, கொழம்புல உப்பு, எனக்க அப்பன் வீட்டுக்க கொற. ஒரு வருசமா அந்த இருபத்திமூணுங்குத நம்பர நான் தின்னுட்டிருக்கேன். அந்த டயரு எனக்க வீட்டுக்கு வந்தா எனக்குக் கொஞ்சம் சமாதானம் கெடைக்கும்னு நெனச்சேன். எட்டு நாள் கெடைச்சுது."

"தனியாகவா செய்தீர்கள்?" என்றார் ததேயுஸ்.

சபிதா சாயாத் தட்டைத் திரும்பக் கையில் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அல்ல, வெள்ளிக்கிழமையே சத்தம் கேட்டது என்று முத்துநாயகத்தின் வாசலில் ஒரு குரல் சொன்னதே! நாளை மாற்றிச் சொல்லி வழக்கை மயிலாடியிலிருந்து விலக்கப் பார்த்த ஒரே குரல். அதைக் கணவர் வாயடைத்தார். ததேயுஸ் குறிப்பேட்டில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. நீங்களும் நானும்கூட அதைக் கடந்து வந்துவிட்டோம். இருபது ஆண்டுகள் இரும்பைக் கேட்டவர் ஒரு மனிதக் குரலைக் கேட்கத் தவறினார். லிஜா அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று முதன்முறையாகக் கேலி எதுவும் செய்யவில்லை.

ஜின்சி மட்டும் சக்கரத்தின் நட்டுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எறுக்கம் எல்லாம் கணக்காத்தான் இருக்கு. அம்பு மட்டும் பாத்திருந்தா நான் உங்களக் கடையில வேலைக்கே எடுத்திருப்பேன்."

"கடை இருந்தா," என்றார் சபிதா தலைகுனிந்து. பிறகு தொலைபேசியை எடுத்தார். "அக்கா, அஞ்சு மணிக்குக் குழித்துறைக்கு வந்துரு. நானும் வாறேன்."

*

மாலை ஐந்து மணி. சங்கக் கூடத்தில் அறுபது நாற்காலிகள், எழுபது ஆண்கள். மேசைக்குப் பின்னால் தலைவர் ஞானதாசன், தீர்மானத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து கையில் வைத்திருந்தார். முதல் வரிசையில் முத்துநாயகம். கதவோரம் நின்ற ஜின்சிக்கு நாற்காலி போட எவருக்கும் தோன்றவில்லை.

ததேயுஸ் எழுந்து ஈயத்துண்டு, எண், அம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். மகேஷ்குமாரின் வண்டியிலிருந்து கழற்றி வந்த நான்கு சக்கரங்களையும் லிஜா வேனிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து மேசைமுன் நிறுத்தினாள். கூடம் சலசலத்தது.

"அப்போ மாத்தினது யாரு?" என்று ஞானதாசன் உறுமினார்.

"நானாக்கும்."

கடைசி வரிசையில், சபிதாவின் பக்கத்திலிருந்து செல்லக்கனி எழுந்து நின்றார். முத்துநாயகம் வழக்கம்போல், "நீ சும்மா கெட ஏட்டி," என்றார். சொல்லிவிட்டு, மனைவி சொன்னதைப் புரிந்துகொண்டு, நாற்காலியில் மெல்லத் திரும்பினார். முப்பத்தோராண்டு மணவாழ்வில் அவர் அப்படித் திரும்பியது அநேகமாக அதுவே முதல்முறை.

"முப்பத்தொண்ணு வருசமா இவியகிட்ட நான் சொல்லியிருக்கேன், இங்க ஒரு சத்தம் கேக்குதுன்னு. மோட்டருல, வண்டியில, எனக்க நெஞ்சுல. ஒருக்காலும் காது குடுத்தது இல்ல. பழைய டயரு இரையுதுன்னு மொதல்ல சொன்னதே நானாக்கும். உனக்கு என்ன தெரியும்னு சொன்னாவ. அதையே அந்தப் பிள்ள சொன்னப்போ ரெண்டு மணிக்கூர் வாயப் பொத்தி இருந்து கேட்டாவ. வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுத்தாவ." அவர் ஜின்சியின் பக்கம் திரும்பினார். "எனக்கு உனக்க மேல பொறாம. உனக்க பேச்ச ஒரு ஆம்பிள கேக்கான்னு பொறாம. உனக்க பேரு கெடணும்னுதான் செஞ்சேன். தங்கச்சிக்கு டயரு வேணும், எனக்கு நீ தோக்கணும். கட அடைப்பாவன்னு நெனைக்கல்ல. நெனச்சிருந்தாலும் செஞ்சிருப்பேனோ என்னமோ. எனக்கு மாப்பு தா மக்கா."

கூடமே ஜின்சியின் பக்கம் திரும்பியது.

ஜின்சி உடனே மாப்புக் கொடுக்கவில்லை. அவள் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். "மாப்பு பொறவு பாப்போம் அம்மா. மொதல்ல எனக்க ஷட்டருல உள்ள பேப்பருக்கு இந்தச் சங்கம் பதில் சொல்லட்டு."

ஞானதாசன் தட்டச்சு செய்த தாளை நான்காக மடித்தார். "இது ஒரு குடும்ப விசயம். மரியாதப்பட்ட வீட்டுக்காரிய. சங்கத்துல எழுதி, ஊரு முழுக்கப் பரத்தாண்டாம். புகார வாபஸ் வாங்கியாச்சுன்னு வெச்சுக்குவோம். அந்தப் பிள்ள நாளைக்குக் கடையத் தொறந்துக்கட்டு. ஒண்ணும் நடக்கல்லன்னு இருப்போம்."

எழுபது தலைகளில் அறுபது தலைகள் அசைந்தன. நியாயம் கிடைத்துவிட்டதாக தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

"குத்தம்னு எழுதினத ஊரு முழுக்க வாசிச்சாவ. அஞ்சு நாளா எனக்க மவ பள்ளிக்கூடத்துல தல நிமுறல்ல," என்றாள் ஜின்சி. "குத்தமில்லன்னு எழுதி வாசிக்காம நான் ஷட்டரத் தூக்கமாட்டேன்."

"அத அடுத்த கூட்டத்துல பாப்போம். திங்கட்கிழம," என்றார் ஞானதாசன். கூட்டம் கலைந்தது. செல்லக்கனியும் சபிதாவும் மட்டும் கலையாமல், ஜின்சிக்குப் பக்கத்தில், கதவோரம் வந்து நின்றார்கள்.

"அண்ணா, வழக்கு முடிஞ்சுதா?" என்று லிஜா கேட்டாள்.

"கண்டுபிடிப்பது முடிந்தது," என்றார் ததேயுஸ். "கண்டுபிடித்தது நீ. அறிக்கையில் அப்படித்தான் எழுதுவேன்." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு செலவானது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மீதியைத் துப்பறிவாளரால் முடிக்க இயலாது, தமிழ் மக்களே! அதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். பழியை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு விடுதலையைக் காதோடு முணுமுணுக்கும் சங்கங்கள் உங்கள் ஊரிலும் உண்டு. உங்கள் தெருவிலும் உண்டு. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த அறுபது நாற்காலிகளையும் நீங்கள் நிரப்புங்கள். மனைவியரையும் மகள்களையும் உடன் அழைத்து வந்து முன் வரிசையில் அமர்த்துங்கள். தலைவர் தாளை மடிக்கத் தொடங்கும்போது எழுந்து நில்லுங்கள். அவர் பேச்சை மாற்றுவார், நேரமாயிற்று என்பார், குடும்ப மானம் என்பார். உட்காராதீர்கள். 'இவள் குற்றமற்றவள்' என்ற வரியை அவர் தம் வாயாலேயே, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, வாசித்து முடிக்கும் வரை ஒருவர்கூட உட்காராதீர்கள்!